தண்ணி விட்டுட்டான்

இரண்டரை மணிக்கு எனக்கு இன்னும் விழிப்பு வருகிறது. அலாரம் கிடையாது, கெட்ட கனவு கிடையாது. கண் திறந்ததும் காது தெருவுக்குப் போகும். தெருவில் ஒன்றும் இருக்காது. கீழே சம்ப்பில் மோட்டார் தானாக ஓடி, மேலே டாங்க் நிறைந்ததும் தானாக நிற்கும். ஐம்பத்தைந்து வயதுக்காரிக்கு நடு ராத்திரியில் ஏன் விழிப்பு வருகிறது என்பதற்கு டாக்டர் ஒரு காரணம் சொன்னார். சின்னப் பையன், பாவம். என் உடம்பு வேறொரு கணக்கில் ஓடுகிறது என்று அவரிடம் சொல்லிக்கொண்டிருக்கவில்லை.

அந்தக் கணக்கைப் போட்டது ஓர் அடிபம்பு.

அயனாவரத்தில் நாங்கள் இருந்தது ஏழு போர்ஷன் கொண்ட ஒண்டுக்குடித்தனம். அப்பாவுக்கு ஐ.சி.எஃப்.பில் வேலை. நடுவில் முற்றம், முற்றத்தில் கிணறு, தெருவாசலை ஒட்டிப் பம்பு. கிணற்றுத் தண்ணீர் உப்பு. குளிக்கலாம், துவைக்கலாம், பருப்பு வேகாது. பம்பில் வருவதுதான் நல்ல தண்ணி. சென்னையில் வளர்ந்தவர்களுக்கு ஆறு, குளம், ஊற்று என்றெல்லாம் தண்ணீரில் பேதம் தெரியாது. நல்ல தண்ணி, உப்புத் தண்ணி, அவ்வளவுதான்.

வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் அந்தப் பம்பைப் பார்த்துவிட்டு, "எத்தனை அடியில தண்ணி?" என்று கேட்பார்கள். பூமிக்குள்ளிருந்து இறைக்கிறோம் என்று நினைப்பு. இது அந்தப் பம்பு இல்லை. தெருவுக்கு அடியில் போகும் மெயின் குழாயின் மேல் மாட்டியது. குழாயில் தண்ணீர் வரும். மேலே ஏறி வரத்தான் அதற்குத் தெம்பு இருக்காது. நாம் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும். எனக்குப் பதினோரு வயதாக இருந்தபோது கைப்பிடியைக் கீழே கொண்டுவர இரண்டு காலும் தரையை விட்டு எழும்பித் தொங்க வேண்டியிருந்தது. பாவாடை பறக்கும். கீழே வந்ததும் பம்பு ஒருமுறை 'கொர்க்' என்று விக்கும். பிறகு கட்டைவிரல் பருமனுக்கு ஒரு வீச்சு. மறுபடி தொங்கல். பத்து லிட்டர் பித்தளைக் குடம் ஒன்றுக்கு எத்தனை தொங்கல் என்று அப்போது தெரியும். இப்போது மறந்துவிட்டது, வலது தோள்பட்டைக்கு மட்டும் நினைவிருக்கிறது.

பம்புக்குள்ளே தோல் வாஷர் ஒன்று உண்டு. அது காய்ந்திருந்தால் எவ்வளவு அடித்தாலும் பிடிக்காது. மேலே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி நனைத்த பிறகுதான் இழுக்கும். அதனால் படுக்கப் போகுமுன் அம்மா ஒரு சொம்பு தண்ணீரைப் பம்புக்கென்று தனியாக எடுத்து மூடி வைப்பாள். வீட்டில் சொட்டுத் தண்ணீர் இல்லை என்றாலும் அந்தச் சொம்பில் யாரும் கை வைக்கக்கூடாது. ஒரு கோடை ராத்திரி, தாகம் தாங்காமல் நான் அதை எடுத்துக் குடித்துவிட்டேன். அன்றைக்கென்று ஒன்றரை மணிக்கே தண்ணீர் விட்டார்கள். பம்பு வெறும் காற்றைக் கக்கியது. கிணற்றில் சேந்தி ஊற்றலாம் என்றால், உப்புத் தண்ணீர் பட்டால் வாஷர் கெட்டுவிடும் என்று வீட்டுக்காரம்மா குறுக்கே நின்றார். எதிர்வீட்டுக் கதவைத் தட்டி ஒரு சொம்பு கடன் வாங்கி வந்து ஊற்றுவதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. அம்மா அடிக்கவில்லை. "தண்ணி குடிச்சதுக்குப் புள்ளைய எப்படி அடிக்கிறது" என்று ஆயாவிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. அடித்திருக்கலாம்.

மொட்டை மாடியில் ஏறினால் கீழ்ப்பாக்கம் வாட்டர் டாங்க் தெரியும். இரும்புக் கால்கள் மேல் நிற்கும் அந்த ராட்சதத் தொட்டியை நான் ரொம்ப நாள் வரைக்கும் கோயில் கோபுரத்தோடு சேர்த்தே வைத்திருந்தேன். அப்பாவுக்கும் அதன்மேல் பக்தி. அவருக்கு ஒரு பழக்கம்: எந்த இரும்பைப் பார்த்தாலும் யார் செய்தது, எப்போது செய்தது என்று விசாரித்து வைத்துக்கொள்வார். ரயில் பெட்டி கட்டுகிறவர்களுக்கு அது தொழில் வியாதியாக இருக்கலாம்.

அவர் சொல்லித்தான் மேட்லி எனக்கு அறிமுகம். ஜே. டபிள்யூ. மேட்லி, மதராஸ் மாநகராட்சிக்குத் தண்ணீருக்கென்றே வைத்த தனி எஞ்சினியர். அவருக்கு முன்பே, 1872இல், கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டு கட்டி, அங்கிருந்து சோழவரம் ஏரிக்கும் புழல் ஏரிக்கும் தண்ணீரைத் திருப்பியிருந்தார்கள். புழலிலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த வாய்க்காலில் வந்தது. வழியில் மாடு குளிக்கும், மனிதன் குளிப்பான். வடிகட்டாத தண்ணீர் அப்படியே ஊருக்குள் போனது. மேட்லிதான் அதைச் செங்கல்லால் கட்டிய மூடிய கால்வாய்க்குள் அடைத்து, கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகளும் பம்பிங் ஸ்டேஷனும் கட்டி, 1914இல் ஊருக்கு வடிகட்டிய தண்ணீர் கொடுத்தார். புழலிலிருந்து கீழ்ப்பாக்கம் வரை சாய்விலேயே தண்ணீர் ஓடி வந்துவிடும், அதற்கப்புறம்தான் இயந்திரம். தியாகராய நகரில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. மாம்பலம் ஏரியைத் தூர்த்து உண்டாக்கிய பேட்டையில் தண்ணீர் கொண்டுவந்தவருக்கு ஒரு தெரு. அதே பெயரில் உள்ள சுரங்கப்பாதையில் கனமழைக்குத் தண்ணீர் தேங்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

1961இல் ஊரில் ஆறரை லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்துத்தான் குழாய் போட்டார்களாம். 1961 வந்தது. தலையை எண்ணினார்கள். பதினேழு லட்சத்துக்கு மேல். "ஆறு பேருக்கு உலை வெச்ச வூட்ல பதினேழு பேர் வந்து குந்திக்கினா எப்படி?" என்பாள் ஆயா. அவளுக்கு இந்த எண்ணெல்லாம் அப்பா சொல்லித்தான் தெரியும். ஆனால் வந்து குந்தியவர்களில் தன் பிள்ளையும் ஒருவன் என்பதை மட்டும் சௌகரியமாக மறந்துவிடுவாள்.

குழாய்க்குள் தெம்பு குறையக் குறைய ஊர் கீழே இறங்கியது. இதை யாரும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டு வாசலைப் பார்த்திருந்தால் போதும். அப்பா கல்யாணமான புதிதில் குழாய் இடுப்பு உயரத்தில் இருந்ததாம், திறந்தால் கொட்டுமாம். பிறகு முழங்கால் உயரத்துக்கு வெட்டினார்கள். பிறகு தரையோடு தரையாக. அதற்கப்புறம் வாசலில் மூன்றடிக்குக் குழி தோண்டி, இரண்டு படி கட்டி, குழிக்குள் இறங்கிக் குடம் வைத்துப் பிடித்தார்கள். நான் பிறந்தபோது குழிதான். அதில் விழுந்து என் முன்பல் ஒன்று போயிருக்கிறது. குழியிலும் வராமல் போனபிறகு பம்பு வந்தது. எண்பதுகளின் கடைசியில், வசதியுள்ள வீடுகளில் திருட்டுத்தனமாக மெயினிலேயே மோட்டார் மாட்டினார்கள். ஒரு வீட்டில் மோட்டார் ஓடினால் பத்து வீட்டுப் பம்பு விக்கும். எந்த வீடு என்று கண்டுபிடிக்கப் பெண்கள் தெருவில் குந்திக் குழாய்மேல் காது வைத்துக் கேட்பார்கள். வைத்தியர் நாடி பிடிப்பதைப் போல இருக்கும்.

இப்படி எல்லாரும் உறிஞ்சினால் குழாய் சும்மா இருக்குமா? தண்ணீர் விடாத நேரத்தில் குழாய்க்குள் வெற்றிடம். பக்கத்திலேயே சாக்கடைக் குழாய். எங்காவது ஒரு விரிசல் இருந்தால் வெளியே கிடப்பதை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் முதல் குடம் கக்கூசுக்கு. இரண்டாவது குடத்தை அம்மா முகர்ந்து பார்ப்பாள். மூன்றாவதிலிருந்துதான் வேட்டித் துணியைக் குடத்தின் வாயில் கட்டுவாள். கலங்கலாக வந்தால் ஆயா தேத்தாங்கொட்டையை மண்பானையின் உள்பக்கம் உரசிவிட்டு, "காலைல பாரு, கண்ணாடி மாரி இருக்கும்" என்பாள். இருக்கும்.

ஆயா ஏழுகிணற்றுக்காரி. எந்தத் தண்ணீரைக் கொடுத்தாலும் ஒரு வாய் குடித்துவிட்டு, "எங்க ஊரு தண்ணி மாரி வராது" என்று உதட்டைச் சுழிப்பாள். ஊர் என்றால் என்னவோ கடல் கடந்து இருப்பது மாதிரி. 29ஆம் நம்பரோ எதுவோ ஒரு பஸ் ஏறினால் அரைமணியில் போய்விடலாம். கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல், 1772இல் பெத்தநாயக்கன்பேட்டையில் பத்துக் கிணறு வெட்டினார்கள், ஏழுதான் தேறியது. அங்கிருந்து கோட்டைக்குக் குழாயில் தண்ணீர் போனது. சென்னைக்குக் குழாய்த் தண்ணீர் வந்த கதை அங்கேதான் ஆரம்பம். ஆயாவுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. வள்ளலார் இருந்த வீராசாமிப் பிள்ளைத் தெரு தன் பிறந்தவீட்டுக்குப் பக்கம் என்பதுதான் அவள் பெருமை. கருங்குழியில் எண்ணெய் என்று நினைத்துத் தண்ணீரை ஊற்றி, விளக்கு விடிய விடிய எரிந்த கதையைச் சொல்லி முடித்துவிட்டு, "ஏன் எரிஞ்சுது? அவரு குடிச்சு வளந்த தண்ணி அப்படி" என்பாள். கருங்குழித் தண்ணீருக்கும் ஏழுகிணற்றுத் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

சரி, ராத்திரிக்கு வருகிறேன்.

தண்ணீர் எப்போது விடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் விட்டு ஒருநாள்; நள்ளிரவுக்கு மேல், விடியலுக்குள். முதலில் எழுந்த வீட்டில் பம்பு விக்கும். அந்தச் சத்தத்துக்கு அடுத்த வீடு. பிறகு யாராவது ஒருத்தி தெருவே கேட்கும்படி, "தண்ணி விட்டுட்டான்!" யார் விட்டான்? அந்த 'அவன்' யார் என்று சின்ன வயதில் நிறைய யோசித்திருக்கிறேன். பெரிய திருகுசாவியோடு சைக்கிளில் வந்து தெருமுனை வால்வைத் திறந்துவிட்டுப் போகும் காக்கிச் சட்டைக்காரரை ஒருமுறை பார்த்தேன். மெலிந்து, இருமிக்கொண்டு இருந்தார். ராத்திரி முழுக்க ஒரு பேட்டையையே எழுப்பி நிறுத்துகிற ஆள் அவர்தான் என்று நம்பவே முடியவில்லை.

குரல் கேட்டதும் தெரு முழுக்கப் பெண்கள். ஆண்கள் தூங்குவார்கள், காலை ஷிப்டுக்குப் போக வேண்டுமே. அம்மாவும் காலையில் நாலு டிபன்பாக்ஸ் கட்ட வேண்டும் என்பது கணக்கில் வராது. பித்தளைக் குடம், எவர்சில்வர் குடம், தவலை, அண்டா, பிறகு எண்பதுகளில் வந்து குவிந்த பச்சை, ஆரஞ்சு, நீலப் பிளாஸ்டிக் குடங்கள். பிளாஸ்டிக்கில் யாருடையது என்று தெரியாது என்பதால் சூடு காட்டிய ஆணியால் ஒரு கோடு, இரண்டு கோடு போட்டிருப்பார்கள். எங்களுடையது பெருக்கல் குறி. வரிசையில் ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். குடத்துக்குப் பதில் அரைச் செங்கல் வைத்தாலும் செல்லும். செங்கல்லை நகர்த்தினால்தான் சண்டை. அந்தச் சண்டைகளில் நான் கற்றுக்கொண்ட தமிழ் எந்த வகுப்பிலும் கிடைக்காது, இங்கே எழுதவும் முடியாது. விடிந்தால் அதே இருவரும் கறிவேப்பிலைக்கு ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போய் நிற்பார்கள்.

குடித்தனத்துக்கு எட்டுக் குடம் முதல் சுற்று. ஏழு குடித்தனமும் முடித்தபிறகு தண்ணீர் இருந்தால் இரண்டாவது சுற்று. எங்கள் சுற்று வரும்வரை சும்மா நிற்க வேண்டும். அந்தச் சும்மா நிற்பதைத்தான் சொல்ல வந்தேன்.

பகலில் என்னைக் கடைக்கு அனுப்பினால்கூட அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வயதுக்கு வந்தபிறகு அதுவும் இல்லை, தம்பிதான் போவான். ஆறு மணிக்கு மேல் வாசற்படியில் உட்கார்ந்தால், "உள்ள வா" என்று அப்பாவின் குரல் வரும். அந்த வீட்டில்தான் ராத்திரி இரண்டு மணிக்குத் தெருவில் நிற்க என்னைத் தட்டி எழுப்பினார்கள். நைட்டி மேல் துண்டு, கலைந்த தலை, செருப்பில்லாத கால். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். நிலா இருந்தால் நிலாவைப் பார்க்கலாம். தெரு நடுவில் உட்காரலாம். குடத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தாளம் தட்டலாம். பகலில் மாமியாருக்குப் பயந்து வாய் திறக்காத மூன்றாம் போர்ஷன் அண்ணி அங்கே வந்தால் வாயை மூட மாட்டார். யார் யாருக்குப் பிள்ளை நிற்கவில்லை, யார் புருஷன் சம்பளத்தைச் சாராயக்கடையில் விடுகிறான், எந்தப் படத்தில் யார் செத்துப்போகிறார், எல்லாம் எனக்கு அங்கே தெரிந்ததுதான். என் உடம்பில் என்ன நடக்கிறது என்பதை எனக்குச் சொன்னதும் அம்மா இல்லை, அந்த அண்ணிதான். பம்படித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், இரண்டு அடிக்கு ஒரு வாக்கியமாகச் சொன்னார்.

எதிர்ப் போர்ஷன் அக்காவுக்கு அப்போது பதினெட்டு இருக்கும். சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று உயிர். அவள் அண்ணன், பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு என்று சொல்லிவிட்டான். ஒரு ராத்திரி அவள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அண்ணனின் சைக்கிளை மெல்லத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினேன். வரிசையில் இருந்த பெண்கள் ஒருத்தர் பேசவில்லை. அவர்கள் தெருமுனைக்கும் தெருமுனைக்கும் நடுவில் நாலைந்து குடத்தை ஓரமாக நகர்த்தி வழி விட்டார்கள். செங்கல்லை நகர்த்தினாலே ரத்தம் பார்க்கும் பெண்கள். பத்துப் பன்னிரண்டு தண்ணீர் ராத்திரிகளில் அவள் கற்றுக்கொண்டாள். அந்த வருடம் மழை நன்றாகப் பெய்து பகலிலேயே தண்ணீர் விட்டிருந்தால் அவளுக்கு சைக்கிள் வந்திருக்காது.

நான் பஞ்சத்தைப் பாராட்டவில்லை. 1983ஐப் பார்த்தவள் அப்படிப் பேச முடியாது. முந்தைய வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. சென்னையின் ஏரிகளுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் தவறினால் அடுத்த ஐப்பசிதான். அப்பா காலையில் பேப்பரைப் பிரித்தால் முதலில் படிப்பது ஏரிகளின் நீர்மட்டம். பூண்டி, சோழவரம், புழல். கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி சத்தமாகப் படிப்பார். மில்லியன் கன அடி என்றால் என்ன என்று நான் கேட்டபோது பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஒரு மில்லியன் கன அடி, 2 கோடியே 83 லட்சம் லிட்டர். எங்கள் குடத்தால் வகுத்துப் பார்த்தேன். 28 லட்சம் குடத்துக்கு மேல். அவ்வளவு இருந்தும் ஏன் நமக்கு எட்டுக் குடம் என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லாமல் பேப்பரைத் திருப்பினார்.

அந்த மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களைப் புழலுக்குக் கூட்டிப்போனார். ஏரியில் ஆடு மேய்ந்தது. வெடித்த சேற்றுக்குள் என் கை முழங்கைவரை போனது. தண்ணீர் தூரத்தில் தகடு மாதிரி கிடந்தது. அப்பா கரையில் நின்று அளவுகோல் கல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தார், நோயாளியின் தலைமாட்டில் நிற்பது போல. திரும்பும்போது பஸ்ஸில் பூண்டி கதை சொன்னார். மேயராக இருந்த சத்தியமூர்த்தி யுத்த காலத்தில் விடாப்பிடியாக நின்று தொடங்கிவைத்த அணை அது. 1944இல் கட்டி முடிந்தபோது பார்க்க அவர் இல்லை. முந்தைய வருடமே போய்ச் சேர்ந்துவிட்டார். அணைக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

பூண்டிக்குள் ஒரு கோயில் மூழ்கியிருக்கிறது. திருவெண்பாக்கம். திருவொற்றியூரில் சங்கிலிக்குக் கொடுத்த வாக்கை மீறியதால் கண்ணிழந்த சுந்தரர், தட்டுத் தடுமாறி வந்து சேர்ந்த இடம். கண்ணைக் கேட்டவருக்கு சாமி ஊன்றுகோல் கொடுத்தார், அதனால் ஊன்றீஸ்வரர். ஏரிக்காகப் பழைய கோயில் தண்ணீருக்குள் போக, சாமியை வெளியே கொண்டுவந்து கரையில் புதுக்கோயில் கட்டி வைத்தார்கள். ஏரி வற்றிய வருடங்களில் பழைய இடம் தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்பது அப்பாவுக்கு ஓர் ஆசை. போகவில்லை. ஏரி வற்றினால் அவருக்குப் போக மனம் வராது. நிறைந்தால் அங்கே பார்க்க ஒன்றும் இருக்காது.

கல்லூரியில் எங்களுக்கு அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள். சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் நடக்கும் கதை. தண்ணீர் எதன் குறியீடு என்று கேட்டார்கள். ஆளுக்கொன்று சொன்னோம். எனக்கு அதில் குடம்தான் தெரிந்தது. எழுதினவர் வரிசையில் நின்றவராகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னேன், மார்க் கிடைக்கவில்லை.

அதற்கப்புறம் தண்ணீர் எங்கெங்கிருந்தோ வரப்போவதாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தெற்கே ஊருக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் வீராணம் குழாய்களைப் பார்ப்போம். திட்டம் நின்றுபோய், ஆள் நிமிர்ந்து நடக்கக்கூடிய அகலத்தில் சிமெண்ட் குழாய்கள் சாலையோரம் வரிசையாகக் கிடக்கும். சிலவற்றில் சாக்கு தொங்கவிட்டுக் குடும்பம் நடத்தினார்கள். ஒரு குழாய்க்கு முன்னால் கோலம் போட்டிருந்தது. தண்ணீர் வரவேண்டிய வழியில் அடுப்பு எரிந்தது. (வேறு குழாயில், 235 கிலோமீட்டர் தாண்டி, வீராணம் தண்ணீர் 2004இல் வந்து சேர்ந்தது. அது வேறு காலம்.)

கிருஷ்ணா தண்ணீர்தான் அப்பாவின் கனவு. எம்.ஜி.ஆரும் என்.டி.ஆரும் 1983இல் ஒப்பந்தம் போட்டார்கள். மராட்டியமும் கர்நாடகமும் ஆந்திரமும் தங்கள் பங்கில் ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்க, வழியில் ஆவியாவது போக 12 டிஎம்சி சென்னைக்கு. மகாபலேஸ்வரத்தில் பிறக்கும் ஆறு ஸ்ரீசைலம், சோமசிலா, கண்டலேறு என்று கைமாறி ஊத்துக்கோட்டை எல்லைக்கு வர 13 வருடம் ஆனது. 1996இல் முதல் தண்ணீர் வந்தபோது அப்பா ரிட்டையர் ஆகியிருந்தார். பஸ் பிடித்து எல்லைக்கே போய்ப் பார்த்துவிட்டு, ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்தார். லேசாகச் செம்மண் நிறம். ஆயா இருந்திருந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு உதட்டைச் சுழித்திருப்பாள். அப்பா அந்தப் பாட்டிலைச் சாமி மாடத்தில் வைத்தார். கொஞ்ச நாளில் பாசி பிடித்தது. அம்மா செடிக்கு ஊற்றிவிட்டாள்.

அவர் நினைத்தபடி அது வருடா வருடம் வரவில்லை. 2003, 2004இல் குழாயில் ஏறக்குறைய ஒரு வருடம் தண்ணீரே வரவில்லை. தெருமுனையில் கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி, லாரி, டோக்கன். எல்லாரும் மொட்டை மாடித் தண்ணீரைப் பூமிக்குள் இறக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. சில வருடங்களுக்கு எங்கள் கிணற்றில் உப்பு குறைந்ததாகக்கூட அம்மா சொன்னாள். பிறகு கேன் வந்தது. லாரித் தண்ணீரும் கேன் தண்ணீரும் பணத்துக்கு வந்தன. கேட்ட நேரத்தில், பகலில் வந்தன. ஆண்கள் போன் பண்ணினார்கள். ராத்திரி தெருவில் பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது எந்த வருடம் என்று எனக்குக் குறிப்பாகச் சொல்லத் தெரியவில்லை. யாரும் கவனிக்கவில்லை. தூக்கம் கிடைத்ததே என்றிருந்தது.

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், ஒவ்வொன்றிலும் 50,000 லிட்டர். வில்லிவாக்கத்தில் இறக்கி, கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்துக்குக் குழாயில் அனுப்பினார்கள். அப்பா அப்போது படுக்கையில். டிவியில் மாலை போட்ட எஞ்சினைக் காட்டியதும் எழுந்து உட்கார்ந்தார். தண்ணீரைப் பார்க்கவில்லை, வேகனைத்தான் பார்த்தார். "இது நம்ம பெட்டி இல்லை" என்றார். அவர் கடைசியாகத் தெளிவாகப் பேசிய வாக்கியங்களில் அது ஒன்று. இப்போது நெம்மேலியில் கடலையே குடிநீராக்குகிறார்கள். உப்புத் தண்ணி, நல்ல தண்ணி என்ற கடைசி வித்தியாசமும் போயிற்று.

ஒண்டுக்குடித்தனத்தை இடித்து நாலு மாடி கட்டிவிட்டார்கள். இடிக்கும்போது போயிருந்தேன். கிணற்றை மண் போட்டு மூடியிருந்தார்கள். பம்பைப் பழைய இரும்புக்கு எடுத்துக்கொண்டவன் கைப்பிடியை மட்டும் தனியே கழற்றி வைத்திருந்தான். கையில் எடுத்துப் பார்த்தேன். நான் தொங்கும் இடத்தில் பளபளவென்று தேய்ந்திருந்தது. கிலோ என்ன விலை என்று கேட்டேன். எதுக்குங்க்கா உங்களுக்கு என்றான். அதற்குப் பதில் இல்லாததால் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

சைக்கிள் அக்கா இப்போது ஆவடியில் இருக்கிறாள். பேரன் பேத்தி எடுத்தாயிற்று, ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். போன மாதம் ஒரு ராத்திரி வழக்கம்போல விழிப்பு வந்து போனை எடுத்தேன். இரண்டு நாற்பது. வாட்ஸாப்பில் அவள் பெயருக்குக் கீழே ஆன்லைன் என்று காட்டியது.

"முழிச்சிருக்கியா?" என்று அனுப்பினேன்.

கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. பிறகு வந்தது.

"ம். தண்ணி விட்டானா?"